சிறப்புப் பாயிரம்

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அந்த ஊர்க்காரர்கள் ரயில் ஏற வேண்டுமானால் பெரும்பாலும் அரியலூருக்குத்தான் வருவார்கள். சென்ற வருஷம் பெரம்பலூர்ப் புத்தகத் திருவிழாவில் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, நானும் அப்படித்தான் அரியலூர் ஸ்டேஷன் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தேன். ரயில் வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

அப்போது ஓர் இளைஞர் என் எதிரே வந்து நின்றார். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். ஒரு கையில் ஹெல்மெட். மறு கையில் ஜவுளிக் கடைப் பை. பெரம்பலூரிலிருந்து என் காருக்குப் பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் வந்தாராம். அங்கே கூட்டத்தில் என்னிடம் பேசக் கூச்சமாக இருந்ததாம்.

"நான் ஒரு சினிமாக் கதை வைத்திருக்கிறேன் ஸார். பத்து நிமிஷம் கேட்பீர்களா?" என்றார்.

எழுத்தாளனாக இருப்பதில் உள்ள கஷ்டங்களில் இதுவும் ஒன்று. சரி, ரயில் வரும்வரை பொழுது போகட்டும் என்று கேட்டேன். அரியலூர்ப் பக்கத்துக் குடியானவர் ஒருவர் நிலத்தை உழுகிறபோது ஆட்டுக் கொம்புபோல் சுருண்ட கல் ஒன்று அகப்படுகிறது. அந்தச் சீமை முழுவதும் கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் கடலாக இருந்தது என்பதையும், அந்தக் கல் அக்காலத்துக் கடல் பிராணியின் ஓடு என்பதையும் பள்ளிக்கூடத்து வாத்தியார் அவருக்குச் சொல்லுகிறார். கடல் இருந்த இடமாகையால் அடியில் சுண்ணாம்புக் கல்லும் இருக்கிறது. அதைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். பக்கத்து நிலங்களெல்லாம் ஒவ்வொன்றாக விலை போகின்றன. இவர் மட்டும் விற்க மாட்டேன் என்கிறார். பிறகு என்ன நடக்கிறது என்பதை நான் இங்கே சொல்லப் போவதில்லை. அது அவருடைய சொத்து. ஆனால் பத்து நிமிஷம் என்று ஆரம்பித்தவர் இருபத்தைந்து நிமிஷம் சொன்னார், நான் ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

கதையை முடித்துவிட்டு, அவர் கேட்க வந்ததைக் கேட்டார். "நான் இங்கே ஒரு சிமெண்ட் ஆலையில் கணக்கு எழுதுகிறேன் ஸார். சென்னையில் எனக்கு ஒருவரையும் தெரியாது. உங்களுக்குச் சினிமாவில் தெரிந்தவர்கள் உண்டு. யாருக்காவது ஒரு கடிதம் கொடுத்தீர்களானால் வேலையை விட்டுவிட்டு இன்றைக்கே கிளம்பிவிடுவேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தம்பி, திறமை இருந்தால் சிபாரிசே வேண்டாம். கதவு தானாகவே திறக்கும்" என்றேன்.

அவர் முகம் வாடியதாகத் தெரியவில்லை. "சரி, ஸார்" என்றார். ஓடிப் போய்ப் பிளாட்பாரக் கடையில் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி வந்து, வழியில் தேவைப்படும் என்று என் கையில் கொடுத்தார். ரயில் வந்தது. நான் ஏறிக் கொண்டேன்.

புத்தகத் திருவிழாவில் என் அண்ணன் மகளுக்காக ஒரு புத்தகம் வாங்கியிருந்தேன். டாக்டர் உ.வே.சாமிநாதையர் அவர்களின் 'என் சரித்திரம்' அது. 1940-ல் ஆனந்த விகடனில் தொடராக வர ஆரம்பித்து, 1942-ல் ஐயரவர்கள் காலமானதால் முடிவு பெறாமலே நின்றுபோன நூல். வாலிபத்தில் படித்ததுதான். வண்டி நகர்ந்ததும் ஏதோ ஒரு பக்கத்தைப் பிரித்தேன். அரியலூர் என்று இருந்தது. சில பக்கங்கள் தள்ளிப் பிரித்தேன். குன்னம் என்று இருந்தது. எந்த ஊரிலே ரயில் ஏறினேனோ அந்த ஊர் புத்தகத்துக்குள்ளும் கூடவே வந்து, என்னைக் குற்றக் கூண்டில் ஏற்றியதுபோல் இருந்தது.

இந்தச் சரித்திரம் ஐயரவர்களோடு ஆரம்பமாகவில்லை. அவருடைய தகப்பனாருக்கு உறவினரும் சங்கீத குருவுமாக இருந்த கனம் கிருஷ்ணையரோடு ஆரம்பமாகிறது. அவரும் இந்தப் பக்கத்து மனிதர்தான். பொப்பிலி கேசவையா என்ற ஆந்திர வித்துவான் தஞ்சாவூர் அரசவைக்கு வந்து, கனமார்க்கம் என்ற கடினமான முறையில் பாடினார். நம் ஊரில் யாராவது அதைக் கற்றுக் கொள்ள முடியுமா என்று அரசர் கேட்டார். மற்ற வித்துவான்கள் தயங்கியபோது கிருஷ்ணையர் முன்வந்தார். ஏற்கெனவே நன்றாகப் பாடிப் பெயர் எடுத்திருந்தவர் அவர். புதுச் சங்கீதம் வராவிட்டால் அவமானம். சாரீரம் கெட்டுப் போனால் பிழைப்பே போய்விடும். துணிந்து சாதகம் செய்து தேறினார். 'கனம்' என்ற பட்டம் அப்படித்தான் வந்தது. பிறகு உடையார்பாளையம் ஜமீன்தார் கச்சி யுவரங்கரின் ஆதரவில் வாழ்ந்து பல பதங்களைப் பாடினார்.

அவரிடம் பல வருஷம் இருந்து சங்கீதம் கற்றவர் வேங்கடசுப்பையர். அந்த வித்தையை வைத்துக் கொண்டு அவர் குடும்பம் நடத்திய விதம் இருக்கிறதே, அதைப் படித்தால் சினிமாக் கம்பெனி வாசலில் காத்திருக்கிற நம் உதவி டைரக்டர்களின் ஞாபகம்தான் வரும். ஜமீன்தார்களின் ஆதரவு இருந்தால் அரியலூர். அது குறைந்தால், நாலு பெரிய மனிதர்கள் கூடி அரிசி பருப்புக்கு ஏற்பாடு செய்கிற இன்னொரு கிராமம். குன்னத்தில் இப்படித்தான் ஊரார் இடம் கொடுத்து ஆதரித்தார்கள். அருணாசல கவிராயரின் இராம நாடகத்தைக் கதையாகச் சொல்லிக் குடும்பத்தைக் காப்பாற்றினார். ஓரிடத்தில் கேட்டவர் அடுத்த ஊர்க்காரரிடம் சொல்லுவார், அவர் கூப்பிடுவார். சொல்லுகிறவரும் கூப்பிடுகிறவரும் இல்லாவிட்டால் அந்த மாதம் அடுப்பு எரியாது.

அவருடைய பிள்ளைக்கோ சங்கீதத்தைவிடத் தமிழில்தான் பைத்தியம். அரியலூரில் சடகோபையங்காரிடம் பாடம் கேட்டான். குன்னத்துக்குப் போனதும் சிதம்பரம் பிள்ளையிடம் கேட்டான். கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடம் நன்னூல். செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக் காரிகை. வரைபடத்தை எடுத்து வைத்துக் கொண்டு பார்த்தால், இன்றைக்குப் பெரம்பலூர் ஜில்லா, அரியலூர் ஜில்லா என்று இரண்டாக இருக்கிற பிரதேசத்துக்குள்ளேயே ஒரு பையன் தமிழைத் தேடி அலைந்திருக்கிறான். ஒருவரிடம் தீர்ந்ததும் அடுத்தவர். கடைசியில் ரெட்டியார் என்ன செய்தார்? 'என்னிடமே இரு' என்று சொல்லவில்லை. மாயூரத்தில் இருக்கும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ப் படிப்பதுதான் தக்கது என்று எடுத்துச் சொன்னார்.

தகப்பனாருக்குப் பிள்ளையைப் பிரிய மனமில்லை. கையில் பணமும் இல்லை. பையனுக்கோ அதற்குள் கல்யாணமும் ஆகியிருந்தது. அப்படியும் 1871-ஆம் வருஷத்தில் அழைத்துக் கொண்டு மாயூரம் போனார். அங்கே போனதும் கதவு தானாகவே திறந்துவிட்டதா? இல்லை. மகாவித்துவான் பையனைப் பாட்டுச் சொல்லச் சொல்லிக் கேட்டார். வருகிற மாணாக்கர்கள் பாதியில் ஓடிவிடுகிறார்களே என்று யோசித்தார். சாப்பாட்டுக்கு என்ன வழி என்று கேட்டார். அந்தச் செலவைத் தாமே ஏற்பதாகத் தகப்பனார் சொன்னார். எங்கிருந்து கொடுப்பது என்று அவருக்கே அப்போது தெரிந்திருக்காது.

பிறகு நடந்தவை நாடறிந்தவை. 1880-ல் தியாகராச செட்டியார் கும்பகோணம் கல்லூரியில் தாம் வகித்த பதவிக்குச் சாமிநாதையரைச் சிபாரிசு செய்தார். அதே வருஷம், முனிசீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் போய்ப் பார்த்தபோதுதான் 'சீவக சிந்தாமணி' என்ற பெயர் ஐயரவர்களின் காதில் விழுந்தது. 1887-ல் அது அச்சில் வந்தது. அரியலூர்ச் சடகோபையங்காரிலிருந்து கும்பகோணத்து முனிசீபு வரையில் எத்தனை கைகள்! நடுவில் ஒரு கை நீளாமல் இருந்திருந்தால்?

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தேன். 'தெரிந்தவர்களைப் பிடித்து முன்னேறுவது சினிமாவிலேதான். இலக்கியம் அப்படியில்லை' என்று என்னைப் போன்றவர்கள் மேடையில் சொல்லி வருகிறோமே, அது எவ்வளவு பெரிய பொய்!

சரி, சினிமாவில்தான் என்ன நடந்தது? அதற்கும் இதே கொடியைப் பிடித்துக் கொண்டு போகலாம். கனம் கிருஷ்ணையர் திருவிடைமருதூரில் இருந்த காலத்தில் அவருடைய சங்கீதத்தைக் கேட்டுப் பயன் அடைந்தவர்களில் ஒருவர் கோபாலகிருஷ்ண பாரதியார். அவருடைய 'நந்தனார் சரித்திர'த்தை அச்சிடுவதற்கு மகாவித்துவானின் சிறப்புப் பாயிரம் வேண்டும் என்று பல தடவை நடந்தார். இலக்கணப் பிழைகள் இருக்கின்றன என்று பிள்ளையவர்களுக்குக் கொடுக்க மனமில்லை. தட்டிக் கழித்து வந்தார். ஒரு நாள் பிள்ளையவர்கள் பகல் நித்திரையில் இருந்தபோது பாரதியார் வந்தார். எழுப்பவில்லை. திண்ணையில் உட்கார்ந்து தம் கீர்த்தனங்களைத் தமக்குத் தாமே பாடிக் கொண்டிருந்தார். விழித்துக் கொண்ட பிள்ளையவர்கள் உள்ளே இருந்தபடியே கேட்டு உருகினார், பாயிரம் கொடுத்தார். ஐயரவர்கள் சொல்லியிருக்கிற கதை இது.

சிறப்புப் பாயிரம் என்பது வேறு என்ன? பழந்தமிழில் சிபாரிசுக் கடிதத்துக்குப் பெயர் அதுதான். அது இல்லாமல் புத்தகம் வெளியே வரக் கூடாது என்று அக்காலத்துப் புலவர்கள் நினைத்தார்கள். கேட்பதற்கு அவர்கள் வெட்கப்படவில்லை.

அந்த நந்தனாரின் கதையை 1935-ல் கே.பி.சுந்தராம்பாளை நடிக்க வைத்துப் படமாக எடுத்தார்கள். டைரக்டர் மாணிக்லால் டாண்டன். அமெரிக்காவில் சினிமாத் தொழில் படித்தபோது தம்மோடு படித்த எல்லிஸ் ஆர். டங்கன் என்ற நண்பரையும் அவர் இந்தியாவுக்கு அழைத்து வந்திருந்தார். சில மாதம் இருந்து பார்க்கலாம் என்று வந்த டங்கனுக்குத் தமிழ் ஓர் எழுத்துத் தெரியாது. டாண்டனின் சிபாரிசில் அவருக்கு 'சதி லீலாவதி' கிடைத்தது. 1936-ல் வெளிவந்த அந்தப் படத்தில்தான் எம்.ஜி.ஆர். முதன் முதலில் திரையில் தோன்றினார். அடுத்த வருஷம் டங்கன் 'அம்பிகாபதி' எடுத்தபோது மணிக்கொடியில் எழுதிக் கொண்டிருந்த இளங்கோவன் வசனம் எழுதினார். ரோமியோ ஜூலியட்டின் சாயலில் காதல் காட்சி வேண்டுமென்று தமிழ் தெரியாத டைரக்டர் கேட்க, ஆங்கில நாடகம் தெரிந்த தமிழ் எழுத்தாளர் எழுதிக் கொடுத்தார். வசனகர்த்தா என்ற ஒருவர் இருக்கிறார் என்பதைத் தமிழ் ரசிகர்கள் கவனிக்க ஆரம்பித்தது ஏறக்குறைய அப்போதிருந்துதான்.

கலைஞர் கருணாநிதியின் கதையும் இப்படித்தான். 1947-ல் வந்த 'ராஜகுமாரி'யில் அவருடைய பெயர் உதவி ஆசிரியர் என்ற மட்டில்தான் வந்தது. 1948-ல் 'அபிமன்யு'வில் அதுவும் வரவில்லை. மனம் நொந்து திருவாரூர் திரும்பினார். அங்கே சும்மா இராமல் 'மந்திரி குமாரி' நாடகம் எழுதினார். கவிஞர் கா.மு.ஷெரீப் அவரைப் பற்றிச் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரத்திடம் எடுத்துச் சொன்னார். 1950-ல் 'மந்திரி குமாரி' படமாக வந்தது. அதை டைரக்ட் செய்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? சில மாதம் இருந்து பார்க்க வந்த அதே டங்கன்தான்!

வாசகர்கள் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அண்ணாவின் 'வேலைக்காரி', கலைஞரின் 'மந்திரி குமாரி', பாவலர் பாலசுந்தரத்தின் 'பராசக்தி', ஸ்ரீதரின் 'ரத்த பாசம்' ஆகிய எல்லாமே முதலில் மேடையில் நடந்த நாடகங்கள். கதை எழுதுகிறவனுக்கு ஒரு பேனாதான் செலவு. படம் எடுக்கிறவனுக்கோ வீடு வாசல் எல்லாம் பணயம். முன்பின் தெரியாத ஒருவன் தபாலில் அனுப்பிய காகிதக் கட்டை நம்பி யார் பணம் போடுவார்கள்? ஆனால் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கிற ஜனங்கள் எந்த இடத்தில் அழுகிறார்கள், எந்த இடத்தில் கை தட்டுகிறார்கள் என்று பட முதலாளி கொட்டகையின் பின்வரிசையில் உட்கார்ந்து கண்ணாலே பார்த்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். டி.கே.எஸ். சகோதரர்கள் நடித்த 'ரத்த பாசம்' 1954-ல் திரைக்கு வந்தபோது ஸ்ரீதருக்கு இருபத்தோரு வயதுதான். ஐந்து வருஷத்தில் 'கல்யாணப் பரிசு'! துணிச்சல் எல்லோருக்கும் இருந்தது. அந்தத் துணிச்சலைச் சின்னச் சின்னப் பங்குகளாகப் பிரித்து, நாடகக் கம்பெனி கொஞ்சம், நண்பர்கள் கொஞ்சம் என்று சுமந்தார்கள்.

முழுச் சுமையையும் ஒருவரே தூக்கிக் கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் சரித்திரத்தில் உதாரணம் இருக்கிறது. அதை எழுதும்போது எந்தத் தமிழ் எழுத்தாளனுக்கும் கை நடுங்கும். புதுமைப்பித்தன் பத்திரிகை வேலையை விட்டுச் சினிமாவுக்குப் போனார். சில படங்களுக்கு எழுதினார். அதோடு நில்லாமல் பர்வதகுமாரி புரொடக்ஷன்ஸ் என்று சொந்தக் கம்பெனியே ஆரம்பித்தார். அந்த முயற்சி கைகூடவில்லை, கைப்பணம் போயிற்று. பிறகு பாகவதரின் 'ராஜமுக்தி'க்கு வசனம் எழுதப் புனாவுக்குச் சென்றார். அங்கே க்ஷயரோகம் முற்றியது. 1948 ஜூன் 30-ந் தேதி திருவனந்தபுரத்தில் காலமானார். வயது நாற்பத்திரண்டு. படம் அதற்குப் பிறகுதான் வெளிவந்தது. கமலா அம்மாள் கைக்குழந்தையோடு நின்றார். மனைவிக்கு அவர் எழுதிய கடிதங்கள் புத்தகமாக வந்திருக்கின்றன. 'துணிந்தவனுக்குத் துக்கமில்லை' என்று மேடையில் பேசுகிறவர்கள் அவற்றை ஒரு முறை படித்துவிட்டுப் பேசுவது நல்லது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு என்னுடைய சரித்திரத்தை மட்டும் மறைப்பது நியாயமாகாது. இருபத்து மூன்றாவது வயதில், கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நானும் கோடம்பாக்கம் போனேன். என் கையிலும் ஒரு கடிதம் இருந்தது. எங்கள் ஊர் டாக்டர் தம் பால்ய சிநேகிதருக்கு எழுதிக் கொடுத்தது. அந்தச் சிநேகிதர் என்னை ஒரு கம்பெனிக்கு அழைத்துப் போனார். கதை கேட்டார்கள். 'உதவியாளராக இரு, சம்பளம் இப்போது இல்லை, சாப்பாடு உண்டு' என்றார்கள். பதினொரு நாள் இருந்தேன். பன்னிரண்டாம் நாள் யாரிடமும் சொல்லிக் கொள்ளாமல் எழும்பூரில் ரயில் ஏறிவிட்டேன். பயம்தான். வேறொன்றுமில்லை. அன்றைக்கு என்னோடு ஒரே பாயில் படுத்திருந்தவர் அங்கேயே இருந்தார். இன்று டைரக்டராக இருக்கிறார்.

ஊர் திரும்பி நாவல் எழுதினேன். நன்றாகத்தான் இருக்கிறேன், குறை ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பதினொரு நாளைப் பற்றிக் கேட்பவர்களுக்கெல்லாம், 'சிபாரிசில் முன்னேற எனக்கு விருப்பமில்லை' என்று சொல்லி வந்தேன். இருபது வருஷம் சொன்னால் எந்தப் பொய்யும் கொள்கையாகிவிடும். அரியலூர் ஸ்டேஷனில் அந்த இளைஞருக்கு நான் எடுத்துக் கொடுத்தது அந்தக் கொள்கையைத்தான்.

விழுப்புரம் வந்தபோது தாகம் எடுத்தது. அவர் கொடுத்த தண்ணீரைக் குடித்தேன். அவருடைய பெயரைக்கூட நான் கேட்டுக் கொள்ளவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

புத்தகத் திருவிழா நண்பர்களிடம் சொல்லி, 'சிமெண்ட் ஆலையில் கணக்கு எழுதுகிறவர், சுருண்ட கல்லைப் பற்றிக் கதை வைத்திருப்பவர்' என்று அடையாளம் கூறி, அவரைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆயிற்று. அவரைப் பார்க்க நானே அரியலூருக்குப் போனேன். வீட்டில் அவருடைய அம்மா காபி கொடுத்தார்.

"வேலையை விட்டுவிடுவேன் என்கிறான் ஐயா. இவன் சம்பளத்தில்தான் தங்கச்சி காலேஜில் படிக்கிறாள். நீங்கள் சொன்னால் கேட்பான்" என்றார்.

எதைச் சொல்வது? போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போ என்று சொல்லப் புதுமைப்பித்தன் விடவில்லை. கடைசியில் மூன்று விஷயம் சொன்னேன். வேலையை இப்போது விட வேண்டாம். கதையை முதலில் ஒரு மணி நேர நாடகமாக எழுதி, ஆலை நண்பர்களையே வைத்து உள்ளூரில் ஒரு தடவை நடத்திப் பார்க்கட்டும்; எந்த இடத்தில் ஜனங்கள் நெளிகிறார்கள் என்று தெரியும். லீவு நாட்களில் சென்னைக்குப் போய் வரட்டும். இரண்டு வருஷத்துக்குச் சாப்பாட்டுக்குப் பணம் சேர்ந்த பிறகு மற்றதை யோசிக்கலாம். அம்மாவுக்குப் பாதித் திருப்தி. பிள்ளைக்கும் பாதித் திருப்தி. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

பிறகு கடிதம். ஒரே பாயில் படுத்திருந்த அந்த நண்பருக்கு இருபது வருஷமாக நான் கடிதம் எழுதியதில்லை. சொல்லாமல் ஓடி வந்தவன் எந்த முகத்தோடு எழுதுவது? மூன்று காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். நாலாவதில், முதலில் ஓடி வந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். பிறகு, 'இதைக் கொண்டு வருகிறவர் என் உறவினர் அல்ல. இவர் சொன்ன கதையை ரயில்வே ஸ்டேஷனில் கேட்டேன், கடிகாரத்தை மறந்தேன். நீங்களும் இருபத்தைந்து நிமிஷம் கேளுங்கள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மாசி மாதத்தில் நாடகம் நடந்தது. நான் போயிருந்தேன். இரண்டாவது காட்சியில் ஜனங்கள் நெளிந்தார்கள். அவர் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக் கொண்டார். நண்பர் ஒரு தடவை கதையைக் கேட்டிருக்கிறார். இன்னொரு தடவை வரச் சொல்லியிருக்கிறார். அது நடக்குமோ நடக்காதோ, எனக்குத் தெரியாது. போன வாரம் அவர் டெலிபோனில் பேசினார். மறு தடவை சென்னைக்குப் போகும்போது, குன்னத்திலிருந்து தமக்குத் தெரிந்த ஒரு பையனையும் கூட அழைத்துப் போகிறாராம். அந்தப் பையன் பாட்டு எழுதுகிறானாம்.